ஒத்திகையில் கிடைத்த பதில்

தொலைக்காட்சியில் தேர்தல் விவாதம் மாலையில். கேள்வி கேட்பவர்களை மதியமே ஒத்திகைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வேட்பாளர்கள் வரவில்லை. கேமராக் கோணம் பார்ப்பதற்காக அவர்களுடைய நாற்காலிகளில் லைட்காரரும் ஓட்டுநரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அவளுடைய கேள்வி கடைசி. மைக்கை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணுக்குத் தசை நோய். அவளோட ஊசி மருந்தை அரசு ஆய்வுக்கூடத்துல மட்டும்தான் செய்றாங்க. இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. நிதியை நிறுத்தப் போறதா பேச்சு. நீங்க ஜெயிச்சா அதை மூடிடுவீங்களா?"

இடப்பக்க நாற்காலியில் இருந்த லைட்காரர் தொண்டையைச் செருமினார். "தாய்மார்களே, பெரியோர்களே…"

"அண்ணே, உங்களுக்கு டெபாசிட்டே தேறாது" என்றான் கேமராக்காரன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. லைட்காரர் அதைப் பார்த்தார். உயர்த்திய கையை இறக்கினார்.

"மூட மாட்டோம்மா. புள்ளைக்கு மருந்து வரும்."

"சவுண்ட் ஓகே" என்றது மேலிருந்து ஒரு குரல்.

மாலை விவாதத்தில், எந்த வேட்பாளர் யார் வீட்டு விருந்துக்குப் போனார் என்பதிலேயே நேரம் போயிற்று. ஒருவர் மற்றவரைப் பச்சோந்தி என்றார். மற்றவர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவள் மைக்கருகே நின்றாள். உதவியாளப் பெண் குனிந்தபடி வந்து தோளைத் தொட்டாள்.

"அறிவியல் பகுதியை எடுத்துட்டாங்கக்கா. நேரமில்லயாம்."

"ஒரு நிமிஷம்தாம்மா ஆகும்."

"தெரியும்க்கா."

வெளியே வரும்போது லைட்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டில், மகள் விவாதத்தின் பாதியிலேயே தூங்கிவிட்டிருந்தாள். கணவன் முழுவதும் பார்த்திருந்தான்.

"அம்மா, கேள்வி கேட்டியா?" என்றாள் மகள் காலையில்.

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவன் திரும்பிப் பார்த்தான்.

"மூட மாட்டோம்னு சொன்னாரு."

"எவரு?"

"இடப்பக்க நாற்காலியில இருந்தவரு."

"அப்ப அவருக்கே ஓட்டுப் போடும்மா. அப்பா, நீயும்தான்."

அவன் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டான்.

அவள் குளிர்பெட்டியிலிருந்து ஊசி மருந்துக் குப்பியை எடுத்தாள். சில்லென்று போட்டால் வலிக்கும். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். மகள் சட்டைக்கையைப் பல்லால் கடித்து மேலே இழுத்துவிட்டு, கையை நீட்டிக் காத்திருந்தாள். குப்பி இன்னும் சூடேறவில்லை.