நாற்பத்தொன்றாம் வருஷத்து ஜாடி

தேவகிருபைக்கு அன்று காலையிலிருந்தே கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கோணிப்பை தைக்கிற கிடங்குக்கு மட்டம் போட்டுவிட்டு, ராயபுரத்து வீட்டில் அடுப்படிக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ராசையா வருவான். பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸில் ஃபிட்டர் வேலை. இரண்டு வருஷமாக இவளுக்காகக் காத்திருக்கிற மனுஷன். ஊரில் அக்காக்காரி வேறு பெண் பார்த்துவிட்டாள், இன்றைக்கு ஆமா இல்லையா என்று சொல்லிவிடு என்று கெஞ்சிவிட்டுப் போயிருந்தான்.

ஆமா என்று சொல்ல அவளுக்கு ஆசைதான். யாருக்குத்தான் இருக்காது? முப்பது வயசு. புருஷன் இன்னாசி கப்பலேறி ஏழு வருஷம் ஆகிறது. உலகச் சண்டை முடிந்தும் ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. மாதா கோயில் சாமியார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "பெத்தவ வந்து, என் மகன் செத்துட்டான்னு சொல்லட்டும். அப்புறம் கல்யாண ஓலை வாசிக்கிறேன்." பெற்றவளோ சிலுவையம்மாள்! அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையைப் பிடுங்குவது லேசுப்பட்ட காரியமா?

எப்போது கேட்டாலும் அலமாரி மேலே இருக்கிற சின்ன ஜாடியைத்தான் காட்டுவாள். "அத்த தெறக்க வருவான்டி எம்புள்ள."

அந்த ஜாடிக்குள் இருந்தது நாற்பத்தொன்றாம் வருஷத்து ஒயின். அந்த வீட்டில் ஒவ்வொரு வருஷமும் கொத்தவால்சாவடியிலிருந்து கறுப்புத் திராட்சை வாங்கி, கசக்கி ஊறவைத்து, கிறிஸ்துமஸுக்கு வடிப்பார்கள். வடித்ததைப் பெரிய பீங்கான் ஜாடியில், போன வருஷத்து மிச்சத்தின் மேலேயே ஊற்றிவிடுவாள் சிலுவையம்மாள். அந்தப் பெரிய ஜாடி ஒருநாளும் காலியானதில்லை. "ஒரு வருசம் புளிக்கும், ஒரு வருசம் கசக்கும். எல்லாம் ஒண்ணு சேந்தாத்தான் ருசி" என்பாள்.

இன்னாசி கப்பலில் கரி அள்ளிப் போட்டு நெருப்புத் தள்ளுகிறவன். வெள்ளைக்காரன் பாட்டிலில் வருஷத்தை எழுதி வைக்கிறதைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவைக் கிண்டல் பண்ணுவான். "இன்னாம்மா இது, கதம்பம்? ஒரு வருசத்து சரக்கு தனியா இருந்தாத்தான் அதோட கொணம் தெரியும்." சொன்னதோடு விடாமல், நாற்பத்தொன்றில் அந்த வருஷத்துத் திராட்சையைத் தன் கையாலேயே கசக்கி, சின்ன ஜாடியில் தனியாக வடித்து மூடி, மெழுகு வைத்துவிட்டுப் போனான். "நான் வந்து தெறக்குறேன். எவனும் தொடக் கூடாது." போனவன் போனவன்தான்.

இப்போது மதுவிலக்கு வருகிறது. அடுத்த மாசத்திலிருந்து சென்னைப் பட்டணத்தில் ஒரு சொட்டு வைத்திருந்தாலும் போலீஸ் பிடிக்குமாம். பெரிய ஜாடியில் இருந்ததைத் தெருவுக்கே ஊற்றிக்கொடுத்துவிட்டாள் கிழவி. சின்ன ஜாடியை மட்டும் கொல்லையில் புதைக்கப் போகிறேன் என்று கடப்பாரை இரவல் கேட்கக் கிளம்பியிருந்தாள். புதைக்கவா! அது மண்ணுக்குள் போனால் தன் ஆயுசும் கூடவே போயிற்று என்று தேவகிருபைக்குத் தோன்றியது.

பொறுத்தது போதும் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஜாடியை இறக்கி, கத்தியால் மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தாள். கரண்டியில் கொஞ்சம் எடுத்து வாயில் விட்டாள்.

கருப்பட்டி மணத்தது.

மறுபடி ஒரு வாய் குடித்தாள். கருப்பட்டியேதான். இன்னாசி போட்டது வெள்ளைச் சர்க்கரை. அவளே அளந்து கொடுத்தாளே! சண்டைக் காலத்தில் சர்க்கரை கிடைக்காமல் நாற்பத்து மூன்றில்தான் மாமியார் கருப்பட்டியைப் போட்டாள். அன்றிலிருந்து பெரிய ஜாடிக்கே அந்த மணம் வந்துவிட்டது. அப்படியானால் இதில் இருப்பது பெரிய ஜாடிச் சரக்கு. இன்னாசியின் ஒயின் எங்கே?

கடப்பாரையோடு உள்ளே வந்த சிலுவையம்மாள், திறந்த ஜாடியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அவரு வெச்சது எங்க அத்தே?"

"இன்னாடி ஒளர்ற? அதான கீது."

"எங்கிட்டயேவா? இது நம்ம பெரிய ஜாடி ஒயினு. மெய்ய சொல்லு. அவரு வெச்சது எங்க?"

கிழவி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"சண்ட முடிஞ்ச வருசம், கிறிஸ்துமஸுக்கு முன்ன, நீ வேலக்கி பூட்ட. வண்ணாரப்பேட்ட உசேன் வந்தான். இன்னாசி கூட நெருப்புத் தள்னவன். ரங்கூனுக்குப் போற வழியில கப்பல் முழுவிப் போச்சாம். எம்புள்ள தண்ணிக்குள்ள போனத கண்ணால பாத்தானாம்." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "அது மட்டும் தனியா ஒக்காந்துகினு இருக்கறத பாக்க முடியல கிருபை. எடுத்து எல்லாத்தோடயும் ஊத்திட்டேன். அவன் தாத்தன் காலத்துலேர்ந்து வர ஜாடி. அதுல சேரட்டும்னு. நீ கண்டுக்கக் கூடாதுன்னு அதுலேர்ந்தே மொண்டு இதுல ரொப்பி மெழுகு வெச்சேன்."

"மூணு வருசமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பூடுவ. எனக்கு யாருடி கீறா?"

அடிப்பாவி! தேவகிருபைக்குக் கடப்பாரையைத் தூக்கிப் போட்டு அத்தனை சாமானையும் உடைக்கலாம் போலிருந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் ஞாபகம் வந்தது. பூசை முடிந்து வந்து இரண்டு கிளாஸ் குடித்தாள். "இந்த வருசம் ஒயினு தூக்குது அத்தே" என்று சிரித்துக்கொண்டே மூன்றாவதுக்கு நீட்டினாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றினாள். புருஷனின் கடைசி ஒயினை இப்படியா குடித்தோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

"எழுந்திரு" என்றாள் தேவகிருபை. "நீயே போய் அவுருகிட்ட சொல்லு. ஒன் வாயால சொல்லு."

சிலுவையம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தாள். ராசையா வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு நின்றான். எப்போதும் கேட்கிற மரியாதையில், "இன்னாசி அண்ணனப் பத்தி ஏதாச்சும் தகவல் உண்டாம்மா?" என்று கேட்டான்.

கிழவி நிலைப்படியில் கையூன்றினாள். "எம்புள்ள செத்துட்டான்பா" என்றாள். "நாளைக்கே சாமியாராண்ட வந்து சொல்றேன். இவள நீ கட்டிக்கோ."

இரண்டு வருஷமாகக் கேட்க ஏங்கிய பேச்சு. கேட்டதும் ராசையா பக்கத்தில் ஓடி வந்து நிற்கப்போகிறோம் என்றுதான் தேவகிருபை நினைத்திருந்தாள். ஆனால் நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டாள். தெருவே எட்டிப்பார்க்கும்படி ஓவென்று அழுதாள். ராசையா என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றான். கிழவி பக்கத்தில் வந்து தோளைத் தொட்டபோது கையைத் தட்டிவிட்டாள். பிறகு அந்தக் கையையே இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கொஞ்சம் அடங்கியதும் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு ராசையாவைப் பார்த்தாள்.

"ஒன்னத்தான் கட்டிக்குவேன். அதுல மாத்தமில்ல, ஒங்க அக்காவாண்ட சொல்லிடு. ஆனா எம்புருசன் இன்னிக்கித்தான் செத்திருக்காரு. முப்பதாம் நாள் பூச முடியட்டும். அப்பால வா."