ஷெட்டில் அவள் பெயர் நோர்மா

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, மாதா கோயில் வாசலில் நீலப் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு யுரிதியா நிற்பாள். உள்ளே சோள இலையில் சுற்றி அவித்த தமாலே, ஆவி பறக்க அடுக்கியிருக்கும். அவளும் அவள் அம்மா எவுஸ்தோலியாவும் சனிக்கிழமை முழுக்க மாவு பிசைந்து, இலை கழுவி, கை வெந்துபோய்ச் செய்தது. அம்மா பக்கத்தில் நின்று சில்லறை கொடுப்பாள். வாங்குகிறவர்கள் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, "நல்லா படி மகளே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வாங்குகிறவர்களுக்கும் கையில் காசில்லை, அது வேறு கதை.

"இந்த வேகத்துல வித்தா உன் பேத்திதாண்டி படிக்கப் போவா" என்றாள் சாயோ. அவள் யுரிதியாவின் ஞானத்தாய். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். ஒவ்வொரு வாரமும் முதல் ஆளாக வந்து வாங்கிவிட்டு, கடைசி ஆள் போகும்வரை நின்று வம்பளப்பாள்.

"சாபம் குடுக்காதீங்க சாயோம்மா."

"சாபமா? கணக்குடி. உனக்குத்தான் கணக்கு வரும்னு பாத்தேன்."

யுரிதியாவுக்கு இடம் கிடைத்திருந்தது, வடக்கே அரை நாள் பஸ் தூரத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தில். நிலத்தடித் தண்ணீரைப் பற்றிய மேற்படிப்பு. அவர்கள் தெருவில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று வருடா வருடம் நோட்டீஸ் வரும். சுற்றிலும் பழத்தோட்டங்களுக்கு மட்டும் நல்ல தண்ணீர் பாயும். அது ஏன் என்று சிறுவயதிலிருந்தே அவளுக்குள் ஒரு கோபம். அந்தக் கோபத்தில்தான் படித்தாள், வகுப்பில் முதலாவதாக வந்தாள். ஆனால் குடியுரிமைப் பேப்பர் இல்லாதவளுக்கு அரசாங்கக் கடன் கிடையாது, வேலை அனுமதி கிடையாது. நாலு வயதில் தெற்கு எல்லை தாண்டி இந்த நாட்டுக்குள் தூக்கி வரப்பட்டவள். சின்ன வயதில் வந்தவர்களுக்குத் தங்கி வேலை செய்ய ஒரு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு விண்ணப்பம் போடுகிற வயது வந்தபோது அந்தக் கதவையும் இழுத்துச் சாத்திவிட்டார்கள். ஆகஸ்ட் பிறப்பதற்குள் முதல் தவணையைக் கட்டவில்லை என்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அப்போதுதான் மாதர் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. டவுனுக்குள் இருக்கிற தோட்டக்காரர்கள், வக்கீல்கள், பல் டாக்டர்களின் மனைவிமார் மாதம் ஒருமுறை கூடி மதியச் சாப்பாடு சாப்பிடுகிற சங்கம். வருடத்துக்கு ஒரு ஏழைப் பிள்ளைக்கு உதவுவார்கள். யுரிதியா வந்து பேச வேண்டும். தண்ணீரைப் பற்றிப் பேச அவள் படமெல்லாம் வரைந்து தயார் செய்தாள். சங்கத் தலைவி போனில் கேட்டுவிட்டு, "தண்ணி விஷயமெல்லாம் ரொம்ப நல்லாருக்கும்மா. ஆனா சாப்பிடற நேரத்துல அதெல்லாம் யாருக்கு ஏறும்? உங்கம்மா பட்ட கஷ்டத்தைச் சொல்லு. அவங்களையும் கூட்டிட்டு வா" என்றாள்.

யுரிதியாவுக்குச் சுருக்கென்றது. கஷ்டத்தையும் இலையில் சுற்றி விற்கச் சொல்கிறார்களே என்று நினைத்தாள். ஆனாலும் சரி என்றாள்.

சாயோவுக்கு இது பிடிக்கவில்லை. "அங்க யார் யாரு உக்காந்திருப்பாங்கன்னு கேட்டியாடி?"

"எல்லாம் வயசான பொம்பளைங்க."

"வயசான பொம்பளைங்களுக்குப் புருஷன் இருப்பான். புருஷனுக்கு ஷெட்டு இருக்கும்."

அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள யுரிதியாவுக்கு நேரமில்லை.

ஷெட் என்றால் பழம் தரம் பிரிக்கிற கொட்டகை. மே மாதத்திலிருந்து பீச் பழம் மெஷின் பட்டையில் ஓடிவரும். இரண்டு பக்கமும் பெண்கள் நின்று அடிபட்டதையும் அழுகியதையும் பொறுக்கி எறிவார்கள். எவுஸ்தோலியா அங்கே பதினாறு வருடமாக நிற்கிறாள். ஆனால் அங்கே அவள் எவுஸ்தோலியா இல்லை. பேப்பர் இல்லாதவள் சொந்தப் பேரில் வேலைக்குச் சேர முடியாது. காசு கொடுத்து வாங்கிய போலி அடையாள அட்டையில் நோர்மா என்று இருந்தது, அதனால் ஷெட்டில் அவள் நோர்மா. பக்கத்தில் நிற்கிற சாயோ அங்கே கிளோரியா. எல்லாரும் அப்படித்தான். பட்டையருகே ஒரு பேர், கோயிலில் ஒரு பேர். இரண்டையும் ஒருவரும் மாற்றிச் சொன்னதில்லை, குடித்திருக்கும்போதுகூட.

அதற்கு ஒரு பயிற்சி உண்டு. மேஸ்திரி கூப்பிட்ட உடனே திரும்ப வேண்டும், கொஞ்சம் யோசித்துத் திரும்பினால் மாட்டிக்கொள்வாள். அதனால் அட்டை வாங்கிய புதிதில், ஆறு வயது யுரிதியாவுக்கு அம்மா ஒரு வேலை கொடுத்தாள். வீட்டுக்குள் எங்கே இருந்தாலும் திடீரென்று "நோர்மா!" என்று கத்த வேண்டும். அம்மா உடனே திரும்பிவிட்டால் யுரிதியாவுக்கு மிட்டாய். குழந்தைக்கு அது விளையாட்டாக இருந்தது. அந்த வாரம் அவளுக்குப் பல்வலியே வந்துவிட்டது.

சங்கத்துச் சாப்பாட்டுக்கு எவுஸ்தோலியா ஈஸ்டர் பண்டிகைக்கு வாங்கிய ஊதா உடையைப் போட்டுக்கொண்டு வந்தாள். கடைசி மேசையில் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் ஒரு வார்த்தை புரியாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யுரிதியா பேசினாள். பாட்டனார் சாவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஊருக்குப் போன அப்பா திரும்பி வர முடியாமல் அங்கேயே தங்கிப்போனதைச் சொன்னாள். அம்மாவின் விரல் நகம் பழச்சாறு பட்டுக் கறுத்திருப்பதைச் சொன்னாள். கைக்குட்டைகள் வெளியே வந்தன. விற்பனை என்று நினைத்து ஆரம்பித்தது, நடுவில் உண்மையாகிவிட்டது.

"அம்மா பேர் என்னம்மா? எழுந்து நிக்கச் சொல்லு, நாங்க பாக்கணும்" என்றாள் தலைவி.

நோர்மா என்று சொல்லியிருக்கலாம். பேரைச் சொல்லாமலே மழுப்பியிருக்கலாம். இந்த விஷயத்தில் ஆறு வயதிலிருந்து பழகியவள்தானே. ஆனால் அத்தனை பேர் கை தட்டக் காத்திருக்கும்போது, அந்தக் கைதட்டலை யாரோ ஒரு நோர்மாவுக்கு வாங்கிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு நாளாவது அம்மா பேரில் அம்மாவுக்குக் கிடைக்கட்டும் என்று தோன்றியது.

"எவுஸ்தோலியா" என்று மைக்கில் சொன்னாள். "எவுஸ்தோலியா பர்ரகான்."

எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். எவுஸ்தோலியாவும் எழுந்தாள். அவள் முகம் வெளுத்திருந்ததை வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது மேசையிலிருந்து வெள்ளை முடியும் முத்துமாலையுமாக ஒரு அம்மாள் விரைந்து வந்து எவுஸ்தோலியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். டார்லீன், ஷெட் முதலாளியின் மனைவி. கிறிஸ்துமஸ் சமயத்தில் வேலைக்காரர்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு பன்றித்தொடையைத் தன் கையாலேயே கொடுப்பாள். கெட்டவள் இல்லை. அதுதான் கஷ்டம்.

"இந்த முகம் எனக்குத் தெரியுமே! நம்ம ஷெட்டு ஆளு!" என்றாள். பிறகு யுரிதியாவிடம், "பணத்தைப் பத்தி நீ கவலையே படாத கண்ணு. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிக் கம்பெனி செக்கே வாங்கித் தரேன். ஷெட்டுலயே எல்லார் முன்னாடியும் வெச்சுக் குடுப்போம். எவுஸ்தோலியா! எவ்வளவு அழகான பேரு!" என்று சொல்லி, தாயையும் மகளையும் அணைத்துக்கொண்டு போனில் படம் எடுத்தாள்.

வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கும்போதுதான் எவுஸ்தோலியா, "அழகா பேசினே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் யுரிதியாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வாரமே நாச்சோ வந்தான். ஷெட்டில் மேஸ்திரி, அதே தெருக்காரன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து, போட்ட நாற்காலியில் உட்காராமல் நின்றான்.

"அந்தம்மா ஆபீசுக்கு வந்து எவுஸ்தோலியாவைக் கூப்பிடுங்கன்னாங்க. அப்படி யாரும் இல்லம்மான்னேன். சத்தியமா சொன்னேன்க்கா. போனைக் காட்டினாங்க. இதோ இருக்காங்களே, இவங்கதான்னாங்க. கணக்குப் பொண்ணு பாத்துட்டு, இது நோர்மாவாச்சேன்னுட்டா."

"முதலாளிக்குத் தெரியாதா என்ன?" என்று யுரிதியா சீறினாள். "இத்தனை வருஷமா அங்க ஒருத்தி பேராவது நெஜப் பேரா? அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரியாத மாதிரி இருக்கறவரைக்கும் தெரியலாம். இப்ப மூணு பேர் முன்னாடி சொல்லியாச்சு. தெரிஞ்சப்பறம் வெச்சிருந்தா அபராதம்னு வக்கீல் சொல்றாராம்." நாச்சோ தரையைப் பார்த்தான். "நாளைலேர்ந்து வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்கக்கா."

எவுஸ்தோலியா எழுந்துபோய் அவனுக்கு ஒரு கோப்பை காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். "என் கத்தியும் முழங்கை உறையும் அலமாரில இருக்கு. அதையாவது குடுத்தனுப்பு தம்பி" என்றாள்.

மறு வாரம் தபாலில் செக் வந்தது. முதல் தவணைக்கு வேண்டிய தொகை முழுவதும் அதில் இருந்தது. கூடவே பூப்போட்ட அட்டை. இரவெல்லாம் தூங்கவில்லை, சட்டம் கையைக் கட்டிப்போட்டுவிட்டது, ஆனாலும் கொடுத்த வாக்கை நாங்கள் மீறுகிறவர்கள் இல்லை என்று டார்லீன் எழுதியிருந்தாள். கடவுள் ஆசீர்வதிப்பார் என்று முடித்திருந்தாள்.

யுரிதியா செக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். "கிழிச்சு அதே கவர்ல போட்டு அனுப்பப் போறேன்."

"கிழிச்சா யாருக்கு லாபம்?" என்றாள் எவுஸ்தோலியா.

"அம்மா, இது எச்சில் காசு."

"என் காசுடி அது. பதினாறு வருஷம் நோர்மா பேர்ல பென்ஷனுக்குன்னு சம்பளத்துல புடிச்சானே, அதை யார்கிட்டப் போய்க் கேக்கறது? நோர்மா யாரோ, இருக்காளோ செத்தாளோ. முதுகு போச்சு, நகம் போச்சு. அதுக்கெல்லாம் எனக்கு ஒரு பன்றித்தொடைதான் மிச்சம். இந்தக் காயிதத்தையும் கிழிச்சேன்னா, அவங்க சந்தோஷமா தூங்குவாங்க." அம்மா இவ்வளவு சத்தமாகப் பேசி யுரிதியா கேட்டதில்லை. "போய்ப் பேங்குல போடு."

போட்டாள். மேடையில் தான் பெருமையாகச் சொன்ன அந்த ஒரு பேருக்கு விலையாக அந்தப் பணம் கணக்கில் ஏறியது. அவள் தன்னையே வெறுத்தாள். டார்லீனை வெறுக்க முயன்றாள், ஆனால் அழுது எழுதியவளை ஒழுங்காக வெறுக்கக்கூட முடியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சீசன் பாதியில் வேலை நின்றது, வீட்டு வாடகை நிற்காது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் திராட்சை ஷெட்டில் ஆள் எடுத்தார்கள். நோர்மா என்ற பேர் இனி எங்கும் செல்லாது. டயர் கடைக்குப் பின்னால் அட்டை போட்டுத் தருகிறவன் விலையை ஏற்றியிருந்தான். அதற்குப் பணம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கோயில் வாசலில் தமாலே விற்ற பணம் முழுவதும் டயர் கடைக்குப் போயிற்று.

சாயோ புது அட்டையை வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்தாள். "இமெல்டா ரோச்சா. அடப்பாவி, வயசுல எட்டைக் குறைச்சிட்டானே! அப்படியே உனக்கு விழுந்துபோன ரெண்டு கடவாய்ப்பல்லையும் கட்டிக் குடுக்கச் சொல்லியிருக்கலாம்ல?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள்.

யுரிதியா புறப்படும் நாள். காலை வெயில் சமையலறை ஜன்னலில் விழுந்திருந்தது. பெட்டி கட்டியாகிவிட்டது. எவுஸ்தோலியா மறுநாள் திராட்சை ஷெட்டில் சேர வேண்டும். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பாத்திரம் கழுவிக்கொண்டே, "கூப்பிடு" என்றாள்.

"வேணாம்மா."

"நீ போயிட்டா யார் கூப்பிடுவா? கூப்பிடு."

"இமெல்டா!"

எவுஸ்தோலியா ஒரு நொடி கழித்துத் திரும்பினாள். தலையை ஆட்டிக்கொண்டாள். "மெதுவா திரும்பிட்டேன். இன்னொரு தடவை. நான் எதிர்பாக்காதப்ப கூப்பிடு."

யுரிதியா துணி மடித்தாள், பஸ் டிக்கெட்டைப் பையில் வைத்தாள், திடீரென்று கத்தினாள். இந்தத் தடவை அம்மா சட்டென்று திரும்பினாள். அடுத்த தடவை இன்னும் சட்டென்று. ஐம்பதைத் தாண்டியவள் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கற்றுக்கொண்டாள். மிட்டாய் கேட்கத்தான் ஆளில்லை.

வாசலில் சாயோவின் கார் ஹாரன் கேட்டது. யுரிதியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசல்வரை வந்து நின்றாள். அம்மாவின் முதுகு தெரிந்தது. கடைசியாக ஒரு முறை அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று இருந்தது. அம்மா என்று கூப்பிட வாயெடுத்தாள். என்னவோ, மேடையில் சொன்ன பேர்தான் வாயில் வந்தது.

"எவுஸ்தோலியா" என்று கூப்பிட்டாள்.

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எவுஸ்தோலியா தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்து, அடுத்ததை எடுத்தாள்.

"எவுஸ்தோலியா பர்ரகான்" என்றாள் யுரிதியா, இன்னும் சத்தமாக.

அவள் அசையவில்லை. அந்தத் தட்டையும் கழுவி முடித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, பரீட்சையில் ஜெயித்தவள்போல மெல்லத் திரும்பிச் சிரித்தாள்.

"பாத்தியா" என்றாள். "திரும்பவே இல்ல."