அம்மாவின் இமை

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து மலை அமைதியாகியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கண்டக்டர், "பெருசு, பாத்து எறங்கு" என்று சொல்லிவிட்டான். நாகேந்திரனுக்கு வயது நாற்பத்திரண்டுதான். மண்டபத்துத் தூணில் சாய்ந்து, தொங்கிய இமையை விரலால் தூக்கித் தங்கையைப் பார்த்தான்.

ரஞ்சிதம் தாம்பூலத் தட்டை நடுவில் வைத்தாள். அவள் மகள் அம்மு, இவன் மகன் சிங்காரத்துக்கென்று பிறந்தபோதே பேசி வைத்தது. முருகன் முன்னால் தட்டை மாற்றிக்கொண்டால் முடிந்தது. நாகேந்திரனோ வேண்டாமென்று சொல்ல வந்திருந்தான்.

போன வாரம் மெட்ராஸ் டாக்டர் பொறுமையாக விளக்கியிருந்தார். உடம்பில் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் சின்னச் சின்ன அடுப்புகள் எரிகின்றன. மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். பழுதானதைக் கழித்துப் புதிதை வைத்துக்கொண்டே இருந்தால்தான் உடம்பு ஓடும். அந்தப் பராமரிப்பு தளர்வதும் முதுமைக்கு ஒரு காரணமென்று சிலர் சொல்கிறார்கள். "உங்க அடுப்பு பொறக்கும்போதே கோளாறு. இது அம்மா வழியா மட்டும்தான் வரும். உங்க பிள்ளைக்குப் போகாது. தங்கச்சிக்கும் அவங்க பொண்ணுக்கும் இருக்கலாம்."

மருந்து இல்லை. அம்மா இப்படித்தான் இமை தொங்கி, கை ஓய்ந்து, விழுங்க முடியாமல் போய்ச் சேர்ந்தாள். அவனோடு ஒழியவேண்டிய நோயை அவனே தாம்பூலம் வைத்து வீட்டுக்கு அழைப்பதா?

"இன்னாணா, கல்லு மாதிரி குந்திகினு கீற? தட்ட எடு."

"வேணாம்மா."

"ஏன்? எம் பொண்ணு கருப்பா?"

அவன் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னான். ரஞ்சிதம் மோவாயை உயர்த்தி அவனைப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தான். அம்மாவும் இப்படித்தான், பாதி மூடிய கண்ணால் பார்க்க மோவாயை உயர்த்துவாள்.

"எனக்குத் தெரியும்ணா," என்றாள். "ஆறு மாசமா கண்ணாடில பாத்துகினுதான் கீறேன். ஜட பின்னும்போதெல்லாம் அம்மு கண்ணயும் பாக்குறேன். அதான் ஓடியாந்தேன். வெளியில குடுத்தா, விழுந்த அன்னிக்கே தொரத்திடுவான். அம்மாவுக்கு நீதான வாய்ல கஞ்சி ஊத்துன? உன் வீட்டுக்குத்தான் அது தெரியும்."

"எம் பேரப்புள்ளிங்க?"

"எம் பொண்ணு புள்ள இல்லியா?"

சந்நிதி மணி அடித்தது. அவனுக்கு முருகனிடம் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. சிங்காரத்தின் முகம் வந்தது. அம்முவைப் பற்றிப் பேசினாலே சிரிப்பை மறைக்கத் தெரியாத பயல்.

"கல்யாணம் நடக்கட்டும்," என்றான். "கொழந்த மட்டும் வேணாம். ரெண்டு பேருக்கும் இப்பவே சொல்லிடணும். கேட்டுட்டு அதுங்களே முடிவு பண்ணட்டும்."

"அவகிட்ட யார் சொல்றது? என்னால ஆவாதுணா."

தட்டை எடுக்கப் போனான். தோள் எழவில்லை. ரஞ்சிதம் ஒரு பக்கம் பிடித்தாள். அவள் கையும் தாங்கவில்லை. வெற்றிலை சரிந்து கல்லில் விழுந்தது.

அர்ச்சனைக் கூடையோடு அம்மு ஓடி வந்தாள். படியேறிய மூச்சிரைப்பு கொஞ்சமும் இல்லை. குனிந்து வெற்றிலையைப் பொறுக்கியபடி, "அதுக்குள்ள சம்பந்திச் சண்டையா?" என்று சிரித்தாள்.

"உக்காரும்மா," என்றான் நாகேந்திரன். முகம் பார்த்துத்தான் சொல்லவேண்டும். இரண்டு கைகளையும் தொடையிலிருந்து மெல்ல மெல்ல நகர்த்தி முகத்துக்குக் கொண்டுபோய், இரண்டு இமைகளையும் தூக்கிப் பிடித்தான்.

"இன்னா மாமா, இப்பதான் என்னப் புதுசா பாக்குற மாதிரி முழிக்கிற?"