பதினான்காம் பக்கத்தில் கொஞ்சம் இடம்

அந்தப் பதிப்பகத்தில் பஞ்சத்தை இருபத்துநான்கு பக்கத்தில் முடித்திருந்தார்கள். அடிமை வியாபாரத்துக்கு முப்பத்திரண்டு பக்கம் ஆனது, படம் அதிகம். எல்லாம் பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான வரலாறு. ஒரு பக்கத்துக்கு அறுபது வார்த்தை, ஒரு வாக்கியத்துக்கு ஆறு, ஒரு பக்கத்துக்கு ஒரு புது ஆள். ‘உயிரிழந்தனர்’ என்று புத்தகத்துக்கு மூன்று முறைதான் எழுதலாம். கொள்ளைநோய்ப் புத்தகம் நாலாம் பக்கத்திலேயே அந்த மூன்றையும் செலவழித்துவிட்டு, மீதிப் பக்கங்களில் எல்லோரையும் ஓய்வெடுக்க வைத்தது.

இப்போது கையில் இருந்தது தையல் ஆலைத் தீ விபத்து. முப்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது, நாற்பத்தொரு பெண்கள். பதினான்காம் பக்கத்தில் உதவியாசிரியன் இப்படி எழுதியிருந்தான்: ‘மேலாளர் சொன்னதன் பேரில் காவலாளி கதவை வெளியிலிருந்து பூட்டினார்.’

“ஏழு வார்த்தை,” என்றார் தலைமை ஆசிரியை. அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். முதல் மூன்று வார்த்தைகளை நறுக்கினார். காவலாளி கதவை வெளியிலிருந்து பூட்டினார். “பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு.”

தெளிவாகத்தான் இருந்தது. அந்தக் காவலாளி அவனுடைய அப்பா. அது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

“மேடம், ரெண்டு வாக்கியமா போட்டுடலாமே. மேலாளர் பூட்டச் சொன்னார். அப்புறம் காவலாளி பூட்டினார்.”

“மேலாளர் புது ஆளு. இந்தப் பக்கத்துல ஏற்கெனவே தீயணைப்பு வீரர் வந்துட்டாரு.”

நாலு நாள் மல்லுக்கட்டினான். ஊரெல்லாம் குழந்தைகள் உட்கார்ந்து, கதவைப் பூட்டியவர் யார் என்ற கேள்விக்கு, கோடிட்ட இடத்தில் அப்பாவை எழுதுவதை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் தீயணைப்பு வீரரைப் பதினைந்தாம் பக்கத்துக்குத் தள்ளினான். நிஜத்திலும் அவர் தாமதமாகத்தான் வந்தார் என்பதால் வரலாற்றுக்குப் பங்கமில்லை. மேலாளர் உள்ளே வந்தார். பக்கத்தில் ஐம்பத்தைந்து வார்த்தை.

அன்று சாயங்காலம் அச்சுப்படியை வீட்டுக்கு எடுத்துப் போனான். அந்தத் தீயைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் இது நல்ல செய்தி ஆயிற்றே.

அப்பா மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். “என்னடா, சின்னப் பசங்க புத்தகமா? எனக்குச் சரியான வயசுதான்.”

“பதினாலாம் பக்கம் பாருங்கப்பா.”

அப்பா வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார்.

“மேலாளர் சொன்னார்னு போட்டிருக்க.”

“அதுக்குத்தாம்பா நாலு நாள் சண்டை.”

“சொன்னாருதான். துணிய ஒளிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு மூணு மணிக்குப் பூட்டச் சொல்வாரு. அது சரி. அப்புறம் தட்டினாங்களே, அது எங்க?”

“யாரு தட்டினாங்க?”

“உள்ள இருந்தவங்க.” அப்பா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. திறக்கட்டுமான்னு கேக்க அவரு ரூமுக்குப் போனேன். போன்ல பேசிட்டிருந்தாரு. இருன்னு கையக் காமிச்சாரு. நின்னேன்.”

“எவ்வளவு நேரம்?”

“அவரு பேசி முடிக்கிற வரைக்கும்.”

அடுப்படியில் அவன் மனைவி பாத்திரம் தேய்ப்பது நின்றது.

“விசாரணையில இதச் சொல்லலையாப்பா?”

“யாரு கேட்டா? பூட்டச் சொன்னது யாருன்னு கேட்டாங்க, சொன்னேன். போயிட்டு வாங்கன்னாங்க.” கண்ணாடியைக் கழற்றினார். “இதுல போடுடா. பசங்க படிக்கட்டும். யாரு தட்டினாலும் முதல்ல திறக்கணும், அப்புறம்தான் கேக்கணும்னு தெரிஞ்சுக்கட்டும்.”

படுக்கையில் அவன் எண்ணிப் பார்த்தான். தொழில் புத்தி. தட்டினார்கள். காவலாளி அனுமதி கேட்கப் போனார். ஐந்து வார்த்தை. புது ஆள் யாருமில்லை. கத்தரியே கை வைக்க முடியாத வாக்கியங்கள்.

மறுநாள் காலை கத்தரி கேட்டார்: “அச்சகத்துக்குப் போகுது. திருத்தம் ஏதாவது இருக்கா?”

“இல்ல மேடம்.”

சற்று நேரத்தில் ஓவியர் வந்து மேசையைத் தட்டினார். “தம்பி, பதினாலுல கீழ கொஞ்சம் இடம் காலியா கிடக்கு. என்ன பண்றது?”

“ஏதாவது வரைஞ்சுடுங்கண்ணே.”

“புகை வரையவா? கறுப்பு வேணாம்னு மேடம் சொல்லியிருக்காங்க. நீலத்துல சுருள் சுருளா விட்டுடறேன். பார்க்க லட்சணமா இருக்கும்.”

லட்சணமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றும்போதே அப்பா கேட்டார்: “போட்டியாடா?”

“இடம் இல்லப்பா. ஒரு பக்கத்துக்கு இவ்வளவுதான்னு கணக்கு இருக்கு.”

அப்பா தலையாட்டினார். முந்தின நாள் அவன் விட்டுப்போன அச்சுப்படி அவர் மடியிலேயே இருந்தது. அதில் இன்னும் புகை வரவில்லை. கடைசி வரிக்குக் கீழே இருந்த வெள்ளையில் இரண்டு விரலை வைத்து அளந்தார்.

“இங்க இருக்கேடா,” என்றார்.