முப்பத்திரண்டாவது இலந்தை

கோபிப் பாலையில் அன்று காலைக் குளிர் எப்படியென்றால், லாரி ஓட்டுநர் லுவான் துப்பிய எச்சில் தரையில் விழுந்தபோது 'டிங்' என்று கேட்டது. காவல் நாய் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது.

யூச்சிங்குக்குச் சிரிப்பு வரவில்லை. லாரியின் மேல் படுத்திருந்த ராக்கெட்டின் உடம்புச் சூடு அவள் பொறுப்பு. உள்ளே இறுகிக் கிடக்கும் திட எரிபொருள் பத்து டிகிரிக்குக் கீழே போனால் விரிசல் விடலாம்; விரிசல் விட்டால் அப்புறம் அது ராக்கெட் இல்லை, வெறும் வெடி. காலை எட்டு மணிக்கு வெப்பக்காற்று இயந்திரம் இரண்டு முறை இருமிவிட்டுச் செத்துப்போனது. வெப்பமானி பதினான்கு டிகிரியிலிருந்து இறங்கத் தொடங்கியது.

ஏவும் நேரம் பன்னிரண்டு ஐந்து. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாகிவிட்டது. இன்னொரு முறை தள்ளினால், தலைப்பக்கம் உட்கார்ந்திருக்கும் குட்டிச் செயற்கைக்கோள், நாலு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் போட்டிக் கம்பெனியின் ராக்கெட்டுக்குப் போய்விடும். அவர்கள் காலையிலிருந்தே தொலைநோக்கியில் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விடுதியில போர்வை கெடக்கே, பொறியாளரம்மா."

"எல்லாம் நைலான், லுவான் அண்ணே. உரசினா பொறி பறக்கும். நீங்க, நான், அந்த நாய், மூணு பேரும் செயற்கைக்கோளுக்கு முன்னாடி மேல போயிருவோம்."

"பருத்திதானே வேணும்? எம்பொண்ணுக்கு அடுத்த வாரம் கல்யாணம். எட்டுப் பஞ்சுப் போர்வை தச்சு அடுக்கி வெச்சிருக்கோம்."

"அண்ணி ஒத்துக்குவாங்களா?"

"மாட்டா. அதனாலதான் கேக்கப் போறதில்ல."

லுவானுக்கு ஜீப்பில் ஊருக்குப் போக நாற்பது நிமிடம் பிடித்தது. திரும்பி வர இருபதுதான். பின்னால் மனைவி துரத்தி வந்தாள்.

எட்டுச் சிவப்புப் போர்வைகளுக்கு அடியில் ராக்கெட் புதுமணப்பெண்ணைப்போலப் படுத்திருந்தது. வெப்பமானி பத்தரை டிகிரியில் வந்து நின்றது. அப்போதுதான் போர்வை மூலையில் யூச்சிங்கின் விரலுக்கு ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது.

"என்னண்ணே இது?"

"காஞ்ச இலந்தப்பழம். மூலைக்கு ஒண்ணு வெச்சுத் தைப்போம். சீக்கிரம் புள்ள பொறக்கும்."

"ராக்கெட்டுக்கா?"

ராக்கெட்டின் அருகே போகும் எதையும் எண்ணித்தான் விடவேண்டும், எண்ணித்தான் எடுக்கவேண்டும். திருகாணிக்கு ஒரு சட்டம், இலந்தைக்கு ஒரு சட்டம் கிடையாது. பதிவேட்டில் எழுதினாள்: இலந்தை, 32.

பதினொரு மணிக்கு, வெயில் ஏறி வெப்பமானி மெல்ல உயரத் தொடங்கியதும், போர்வைகளை எடுத்து மூலை மூலையாகத் தடவிப் பார்த்தாள். முப்பத்தொன்று. ஒரு மூலையில் தையல் விட்டிருந்தது.

லுவான் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் போனார். அவள் லாரிக்கு அடியில் தவழ்ந்தாள். சக்கரம், கொக்கி, மணல்: எங்கும் இல்லை. நெருப்பு கக்கும் வாயைத் திருப்பும் மூட்டில் ஒரு கொட்டை சிக்கினால் போதும், ராக்கெட் தெற்கே போகாமல் போட்டிக் கம்பெனிக்காரர்களை நலம் விசாரிக்கப் போய்விடும். இந்த வகையை ஒருமுறை பற்றவைத்தால் அணைக்கவும் முடியாது.

முப்பத்திரண்டு என்று எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும்? பேனா ஒரு நிமிடம் அந்தரத்தில் நின்றது. பிறகு கட்டுப்பாட்டு அறையைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஷெங் யூச்சிங் பேசறேன். நிறுத்தி வைங்க..."

லுவான் திரும்பி வந்துகொண்டிருந்தார். அவர் தாடை அசைந்தது.

"அண்ணே, வாயில என்ன?"

"ஒண்ணுமில்லியே."

"வாயத் தொறங்க!"

"காலையிலேர்ந்து பட்டினிம்மா. தையல் தானாத்தான் விட்டுச்சு..."

"கொட்டை எங்க?"

லுவான் கன்னத்துக்குள் துழாவி, அவள் உள்ளங்கையில் துப்பினார். 'டிங்' என்று கேட்கவில்லை, சூடாக இருந்தது.

"எதை நிறுத்தணும்?" என்று தொலைபேசி கத்திக்கொண்டிருந்தது.

"எதையும் நிறுத்த வேணாம். எண்ணிக்கை சரியாப் போச்சு."

சொன்ன நேரத்துக்கு ராக்கெட் கிளம்பியது. செயற்கைக்கோள் தனியே பிரிந்துவிட்டது என்ற செய்தி வரும்வரை யூச்சிங் அந்தக் கொட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. உள்ளங்கையில் அதன் அச்சு மூன்று நாள் இருந்தது.

சாயங்காலம் போட்டிக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, ரொம்பப் பணிவாக, எத்தனை போர்வை, எந்த ஊர்ப் பஞ்சு என்று விசாரித்தார்.

"பஞ்சு எங்க வேணா வாங்கிக்குங்க," என்றாள் யூச்சிங். "ஓட்டுநருக்கு மட்டும் காலையில நூடுல்ஸ் வாங்கிக் குடுத்துடுங்க."