தரையில் கிடப்பவை

சாயங்காலம் நான் கைதட்டினால் எங்கள் வீட்டில் சுத்தம் செய்யும் நேரம். அப்போது தரையில் எது கிடந்தாலும் துணிக்கூடைக்குள் போய்விடும். உரியவர் மன்னிப்புக் கேட்டால்தான் திரும்பக் கிடைக்கும். சட்டம் போட்டவர் என் கணவர். தினமும் மாட்டுவது அவருடைய காலுறைகள்தான் என்பது வேறு கதை.

நேற்று நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம்.

"அம்மா, ஒரு கை குடும்மா! கூடைக்குள்ள நுழையவே மாட்டேங்குது!" என்று மகள் கத்தினாள்.

எட்டிப் பார்த்தேன். தரையில் சொகுசாகப் படுத்துக் கைபேசி பார்த்துக்கொண்டிருந்த என் கணவரின் ஒரு கால் கூடைக்குள் இருந்தது.

"மன்னிப்புக் கேக்கறேன், விடுங்கம்மா!" என்று அவர் அலறினார்.

"முதல்ல உள்ள போங்க, அப்புறம் கேளுங்க" என்று இன்னொரு காலை நான் பிடித்தேன்.