பக்கத்துக்கு இரண்டு அங்குலம்

அந்தத் தையற்காரருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. உலகத்தில் எந்தச் சிக்கல் வந்தாலும், பக்கவாட்டில் கொஞ்சம் பிரித்துவிட்டால் சரியாகிவிடும். அவர் சட்டை தைக்கிறவர் அல்ல. ஜீப்புகளுக்குக் கூடாரத் துணியும் சீட்டு உறையும் தைக்கிறவர். குளிக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் அளவு நாடா கழுத்தில்தான் கிடக்கும். ஊரார் ஜீப்புக்குத் தைத்துத் தைத்து ஆசை தாங்காமல், ஒரு கிழட்டு ஜீப்பைச் சொந்தமாக வாங்கி, அதற்கும் தன் கையாலேயே கூடாரம் போட்டிருந்தார். கரடுமுரடான பாதையைக் கண்டுவிட்டால் மனுஷருக்குக் கால் தரையில் நிற்காது.

ஒரே குறை, பக்கத்து சீட்டு காலியாக இருந்தது.

அந்த சீட்டை அவர் மனைவிக்கென்றே தைத்திருந்தார். இடுப்புக்குத் தனி மெத்தை, ஓரமெல்லாம் இரட்டைத் தையல். போன மழைக்காலத்தில், மலைப்பாதை வளைவொன்றில் ஜீப் ஒருக்களித்துச் சாய்ந்தது. இரண்டு சக்கரத்தில் நின்று சற்றுநேரம் யோசித்தது. அப்புறம் பொத்தென்று நாலு சக்கரத்துக்கும் திரும்பிவிட்டது. அவர் குதித்து இறங்கி, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதை மார்தட்டிக்கொண்டு சொன்னார். மனைவியோ, வீடு வந்து இறங்கியதும் இனி இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அளந்துதான் பேசுவாள், பேசியதை மாற்றமாட்டாள்.

அவர் கெஞ்சிப் பார்த்தார், முறுக்கிக்கொண்டு பார்த்தார். இரண்டும் பலிக்கவில்லை. வீம்புக்குத் தனியாகவும் போய்வந்தார். "அங்க பாரு" என்று காட்ட ஆளில்லாத மலை சப்பென்று இருந்தது. அவள் இல்லாமல் அவருக்கு அந்த ஜீப்பே பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. அதை அவளிடம் சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். மனுஷர் நேரே மைத்துனனின் ஷெட்டுக்குப் போனார்.

மைத்துனன் மெக்கானிக். மனைவிக்குத் தம்பி.

"மாப்ள, உங்கக்கா வண்டில ஏறணும். அதுக்கு வண்டி சாயக் கூடாது. என்ன பண்ணலாம்?"

"ஸ்பேசர் போடலாம் மாமா." அவன் கையகல அலுமினிய வட்டு ஒன்றை எடுத்துக் காட்டினான். "இதைச் சக்கரத்துக்கு உள்பக்கமா வச்சு முடுக்கிட்டா, சக்கரம் வெளிய தள்ளி நிக்கும். வண்டி காலை அகட்டி நின்ன மாதிரி."

"அட, ரெண்டு பக்கமும் பிரிச்சு விடுற. இது எங்க தொழிலாச்சே. எவ்வளவு பிரிக்கலாம்?"

"பக்கத்துக்கு ரெண்டு இன்ச்சு. ஆனா ஒண்ணு மாமா, சரிவுல போனா வண்டி சாயத்தான் செய்யும். சட்டுனு கவிழாது, அவ்வளவுதான். மலையை நான் நேராக்க முடியாது."

"அதை உங்கக்காகிட்ட சொல்லித் தொலைக்காத."

"வீட்டுக்குள்ள நுழையுமான்னு அளந்துட்டீங்களா?"

தையற்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைப் பார்த்து என்ன கேள்வி! வீட்டுக்குப் போய், நாடாவை உருவி, கேட்டின் அகலத்தை மேலேயும் கீழேயும் அளந்தார். தாராளமாக இடம் இருந்தது.

அவர் நின்றுகொண்டு அளந்த இடத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தெருவுக்கும் கேட்டுக்கும் நடுவே முழங்கால் ஆழத்தில் ஒரு வடிகால். அதன்மேல் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு சிமென்ட் பலகைகள். ஜீப் வாங்கிய புதிதில் அவரே அளவெடுத்துப் போட்டவை. டயரின் அகலம், கூட இரண்டு விரல், அவ்வளவுதான். டயர் போகாத இடத்துக்கு எதற்கு சிமென்ட் என்பது அவர் கட்சி. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவேன் என்று பீற்றிக்கொள்வார். அன்றைக்கு அந்தப் பலகைமேல் ஆடாமல் அசையாமல் நின்றுதான் கேட்டை அளந்தார்.

ஸ்பேசர் ஏறியது. அகன்று நின்ற ஜீப்பைப் பார்க்க, தம்பி அக்காவை ஷெட்டுக்கே கூட்டிவந்தான். அவள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு காலி மருந்து பாட்டிலை எடுத்தாள். பாதிவரை தண்ணீர் ஊற்றி மூடினாள். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே பேனாவால் கோடு போட்டாள்.

"தண்ணி இந்தக் கோட்டைத் தாண்டுச்சுன்னா இறங்கிடுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் கேக்கக் கூடாது."

தையற்காரர் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் ஸ்பானரைப் பார்த்தான். அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பாட்டிலை முன்னால் டேஷ்போர்டில் நிறுத்திவைத்தாள்.

சரிவில் எவ்வளவு அகலமான வண்டியும் சாயும், சாய்ந்தால் தண்ணீர் ஏறும். அது அவருக்கும் தெரியும். ஆகவே அவர் வாழ்நாளில் ஓட்டாத மெதுவில் ஓட்டினார். நடந்துபோன ஒருவர் இவர்களை முந்திக்கொண்டு போனார். அந்தப் பழைய வளைவு வந்தது. மேட்டோரமாகச் சக்கரத்தை ஒட்டவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினார். தண்ணீர் ஏறி, கோட்டைத் தொட்டது. தொட்டு அங்கேயே நின்றது. அப்புறம் இறங்கியது.

"அங்க பாருங்க, மேகம் கீழ இருக்கு" என்றாள் அவள்.

அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, அவளோடு சேர்ந்து பார்த்தார். திரும்பும் வழியில் ஷெட்டில் நிறுத்தி நட்டுகளை மறுபடி முடுக்கிக்கொண்டார்கள். புது ஸ்பேசருக்கு அது அவசியமாம். மைத்துனனும் சாப்பிட வருகிறேன் என்று பைக்கில் பின்னால் கிளம்பினான். வீடு நெருங்க நெருங்க, தையற்காரர் விசிலடிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

வழக்கம்போலத் தன் பக்கத்துச் சக்கரத்தைத் தன் பக்கத்துப் பலகைக்குக் கச்சிதமாகக் கொடுத்தார். கச்சிதம் என்றால் அப்படியொரு கச்சிதம். கூடிய நாலு அங்குலமும் மொத்தமாக மனைவி பக்கம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கத்துச் சக்கரம் பலகையின் விளிம்பில் ஒரு கணம் தொற்றி நின்றது. அப்புறம் தடாலென்று வடிகாலுக்குள் இறங்கிவிட்டது. ஜீப் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. பாட்டில் எங்கோ உருண்டது. இஞ்சின் செருமிவிட்டு அணைந்தது.

ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவளைப் பிடித்திருந்தார் அவர்.

"அடி பட்டுச்சா? தலை இடிச்சுச்சா? கையைக் காட்டு. பேசேன் ஏதாவது."

"ஒண்ணும் ஆகலை."

"எல்லாம் போச்சு. தண்ணி கோட்டைத் தாண்டியிருக்கும். நீ இனிமே ஏறமாட்ட." அவர் குரல் உடைந்தே போயிற்று.

"பாட்டில் கிடக்குது விடுங்க." அவள் அவர் கையை விலக்கவில்லை. "அன்னைக்கு மலையில நாலு சக்கரத்தையும் தடவிப் பாத்துட்டு, அஞ்சாவதாத்தான் என்கிட்ட வந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. ஊரெல்லாம் தானே சொல்லிக்கொண்டு திரிந்த கதைதானே. ஒரு தடவைகூட இந்த இடம் உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. கழுத்து நாடாவை இழுத்து முகத்தைத் துடைக்கப் பார்த்தார். அவள் சிரித்துவிட்டாள்.

பின்னால் பைக் வந்து நின்றது. மைத்துனன் பதறிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஐயையோ மாமா, வண்டிக்கு என்ன ஆச்சு?"

"தெரியலை மாப்ள" என்றார் தையற்காரர், சாய்ந்தபடியே. "இன்னும் பாக்கலை."